கேட்டதைக் குடுங்க

1

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு என் வயிற்றில் பிறந்தவை. ஐந்தாவது இளங்கோ, என் தங்கை மகன். தங்கை பிரசவத்தில் போய்விட்டதால் அவனும் என் கையில்தான் சோறு தின்றான். ஐந்தும் படித்து ஆளாகிவிட்டன. அடுத்தவர் காட்டில் வெங்காயம் அரிந்து, பருத்தி பொறுக்கி அதைச் செய்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

அந்த இளங்கோ இப்போது பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நம் பக்கத்தில் இருந்து வெளிநாடு போனவர்கள் எழுதி அனுப்புவதைச் சேர்த்து மாதம் ஒருமுறை நாலு பக்கம் அச்சடித்துக் கொடுக்கிறான். போனில் கூப்பிட்டு, "பெரியம்மா, நீங்க அண்ணனுக்குச் செய்யறீங்களே சக்கரை இல்லாத பிஸ்கட்டு, அது எப்படின்னு எழுதுங்க. இங்க பாதி ஊருக்குச் சக்கரை இருக்கு" என்றான்.

"நான் மூணாங்கிளாசுடா. எனக்கு எழுதவா தெரியும்?"

"பஸ் போர்டெல்லாம் படிச்சீங்கல்ல. தெரிஞ்ச மாதிரி எழுதுங்க. நான் திருத்திக்கிறேன்."

அவன் கேட்டது செய்முறை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு எங்கோ போய்விட்டது. திருத்துகிறவன் எழுத்தைத் திருத்தட்டும், நடந்ததைத் திருத்த வேண்டாம்.

2

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், பெர்த் என்ற ஊரில். மூத்தவன் செல்வம் வேலை கிடைத்து இங்கே வந்தபோது, எங்கள் ஊர் குரும்பலூரில் எதிர் வீட்டு அஞ்சலை கேட்டாள், "ஒம்மவன் எங்க இருக்கான்?" என்று. "பெர்த்துல" என்றேன். "மேல் பெர்த்தா, கீழ் பெர்த்தா?" என்றாள். அவள் ரயில் ஏறியது அரியலூரில் இருந்து மெட்ராசுக்கு ஒரே ஒரு முறை. அந்தப் பெர்த்துதான் அவளுக்குத் தெரியும். நானும் அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன். இங்கே வந்து பார்த்தால் அவள் கேட்டது சரிதான். படுக்க இடம் உண்டு, பேச ஆள் இல்லை, எப்போது இறங்குவோம் என்று தெரியாது.

செல்வம் முதலில் அரியலூரில் சிமெண்டு ஆலையில் இருந்தான். சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் மேற்பார்வை. அந்த அனுபவத்தைக் காட்டித்தான் இங்கே இரும்புச் சுரங்கத்துக்கு எடுத்தார்கள். அவனுக்கும் மருமகள் மாலதிக்கும் ரொம்ப வருஷம் கழித்துத்தான் பிள்ளை, யாழினி. அவள் தத்தித் தத்தி நடக்கிற வயதில், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று. நான் இன்னும் இங்கே இருப்பதற்கான விசாவுக்கு வரிசையில் நிற்கிறேன்.

என் பாஸ்போர்ட்டில் பெயர் ராசாத்தி என்று மட்டும்தான் இருக்கிறது. இங்கே எல்லாருக்கும் இரண்டு பெயர் வேண்டுமாம். இரண்டாவது இல்லை என்றதும், முதலாவதையே இரண்டு முறை போட்டுவிட்டார்கள். எந்த ஆபீசுக்குப் போனாலும் ராசாத்தி ராசாத்தி என்று கூப்பிடுகிறார்கள். என்னைப் பெற்றவள்கூட இத்தனை ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

3

செல்வத்துக்குச் சர்க்கரை வந்தது இங்கே வந்த பிறகா, முன்பேயா என்பது யாருக்கும் தெரியாது. பார்த்தபோது நிறைய இருந்தது. மாத்திரை, அப்புறம் ஊசி. அதற்கப்புறம் இதயத்தில் அடைப்பு என்று நெஞ்சைத் திறந்தார்கள். இதயம் பாதிப் பலத்தில்தான் அடிக்கிறது என்றார்கள். வேலை போயிற்று. மாலதி முதியோர் விடுதியில் இரண்டு வேளையும் வேலை பார்க்கிறாள்.

வீட்டில் இருக்கிற ஆம்பிளைக்குச் சாயங்காலம் காப்பியோடு ஏதாவது ஒன்று கடிக்க வேண்டும். அவன் கடைக்கு நடந்து போய் சர்க்கரைப் பொடி தூவிய டோனட் வாங்கி, வழியிலேயே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். சட்டையில் வெள்ளைப் பொடி இருக்கும்.

"என்னடா இது?"

"சுண்ணாம்புத் தூசிம்மா. பழைய பழக்கம்."

அதற்காகத்தான் நான் இந்த பிஸ்கட்டைக் கற்றுக்கொண்டேன். யாழினி போனில் படம் ஓட்டிக் காட்டினாள். அதில் பேசுகிறவள் சொல்வது எனக்குப் புரியாது. கையைப் பார்த்தேன். கை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் பிசைகிறது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், இளங்கோ கேட்டிருக்கிறான். கோதுமையும் மைதாவும் கிடையாது, இந்த மாதிரிச் சாப்பாட்டுக்கு இங்கே லோ கார்ப் என்று பெயர். பாதாம் பருப்பைத் தோல் நீக்கி அரைத்த மாவு இரண்டு டம்ளர். வெண்ணெய் கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு முட்டை. ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரைக்குப் பதிலாக ஒன்று விற்கிறார்கள். பார்த்தால் சர்க்கரை போலவே வெள்ளையாக இருக்கும். வாயில் வைத்தால் குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி நாக்கு சில்லிடும், இனிப்பு அதற்குப் பின்னாலே வரும். அதில் கால் டம்ளர். பிசைந்து, உருட்டி, தட்டி, தாள் போட்ட தட்டில் வைத்து மிதமான சூட்டில் வேகவிட வேண்டும். பாதாம் சீக்கிரம் கருகும், அடுப்பை விட்டு நகரக்கூடாது. எடுத்தவுடனே தொடக்கூடாது. சூட்டில் களி மாதிரி இருக்கும், ஆறினால்தான் கெட்டிப்படும். ஆறுவதற்குள் தொட்டு உடைத்தவர்கள்தான் இது சரியாக வராது என்கிறார்கள்.

பெட்டி மாதிரி இருக்கும் அந்த அடுப்புக்கு இங்கே பெயர் அவன். யாழினி தமிழில் எது ஆள், எது பொருள் என்று பார்க்க மாட்டாள். "அப்பத்தா, அவன் சூடாயிட்டான், வாங்க" என்று கத்துவாள். உள்ளே படுத்திருக்கும் செல்வம், "நான் சும்மாதான் படுத்திருக்கேன், யாரு சூடாயிட்டான்?" என்பான். நான் வேலை முடிந்ததும், "அவன அணைச்சிட்டியாடி?" என்று கேட்பேன். அவள் ஓடிப்போய் அப்பனைக் கட்டிக்கொண்டு, "அணைச்சிட்டேன்" என்பாள். தினமும் இதே வேடிக்கைதான். தினமும் சிரிப்போம்.

ஒரு தீபாவளிக்குப் பாதாம் மாவில் அதிரசம் சுட்டுப் பார்த்தேன். பாகு வைத்தால் அந்த மாற்றுச் சர்க்கரை ஆறியதும் மணல் மணலாகத் திரும்ப உறைந்துவிட்டது. சரி என்று மாவில் கலந்து எண்ணெயில் போட்டேன். தட்டிப் போட்டது அப்படியே கரைந்து சட்டி முழுக்க நுரை. பச்சரிசியில் இருக்கிற பிடிப்பு அதில் எங்கே இருக்கிறது. மாலதி எட்டிப் பார்த்து, "அத்த, இது அதிரசமா, கொழம்பா?" என்றாள். செல்வம் ஒரு கரண்டி எடுத்து ஊதித் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான். நன்றாக இல்லை. எனக்கு நாக்கு இருக்கிறது.

குரும்பலூரில் எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூட ஒழுங்காக இனிப்பு கிடையாது. ரேஷன் சர்க்கரையைக் காப்பிக்கே எண்ணிப் போடுவோம். வெங்காயக் காட்டுக்காரர் வீட்டில் கொடுத்த ஒரு லட்டை அரிவாள்மனையில் ஐந்தாக அரிந்து கொடுத்திருக்கிறேன். அப்போது கையில் இல்லாததால் என் பிள்ளை தின்னவில்லை. இப்போது கடை கடையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், டாக்டர் சொல்வதால் தின்னக்கூடாது. அவன் நாக்குக்கு நடுவில் ஒரு பத்து வருஷம்தான் இனிப்பு கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

4

பிறகு ஒருநாள் கால் வீங்கியது, முகம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு போனை நடுவில் வைத்து, அதில் தமிழ் பேசும் ஒருவரைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, தங்கள் மகனுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டு வருகிறது" என்றது போன்.

"என்னங்க இழப்பு?"

"சிறுநீரகம்."

"கிட்னிங்களா?"

"ஆம்."

"அப்ப கிட்னின்னே சொல்லுங்க. ஏன் மேடையில பேசற மாதிரி பேசறீங்க."

போனில் பேசியவர் சிரித்துவிட்டார். டாக்டர் என்ன சிரிப்பு என்று கேட்டார். அந்த ஆள் என்ன சொன்னாரோ, டாக்டரும் சிரித்தார்.

என் கிட்னியில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் வயதுக்கு எடுக்க மாட்டார்களாம். எடுத்தாலும் இவன் இதயம் அந்த ஆபரேஷனைத் தாங்காதாம். அதற்கு மேல் நான் கேட்டதற்கெல்லாம், "அது உங்கள் மகனின் சொந்த விஷயம், அவர் சம்மதம் இல்லாமல் சொல்ல முடியாது" என்றே போன் பதில் சொன்னது. நான் பெற்ற உடம்பைப் பற்றிக் கேட்க எனக்குச் சம்மதம் வேண்டும். அவனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

ரத்தத்தில் ஏதோ ஒன்று கூடியிருக்கிறது என்று யாழினி ஒரு பெயர் சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை. இளங்கோவிடம் போனில் சொன்னேன். "அதாங்க பெரியம்மா, உப்பு. உப்பு ஏறிருச்சும்பாங்கல்ல நம்மூர்ல" என்றான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு உப்பு ஏறியிருக்கிறது. அன்றைக்கே குழம்பில் உப்பை நிறுத்தினேன், ரசத்தில் நிறுத்தினேன். பிஸ்கட்டில் போடும் அந்த ஒரு சிட்டிகையையும் நிறுத்தினேன்.

செல்வம் ஒன்றைக் கடித்துவிட்டுக் கேட்டான். "என்னம்மா இது, சிமெண்டத் தின்ன மாதிரி இருக்கு?"

"ஒனக்குத்தான் உப்பு ஏறியிருக்கே. அதான் போடல."

அவன் காப்பியை வைத்துவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். "அது கிட்னி வேலை செய்யலன்னு காட்டற கணக்கும்மா. நாமதான் அதுக்கு உப்புன்னு பேர் வச்சிருக்கோம். அது அந்த உப்பு இல்ல."

"எல்லா உப்பும் ஒன்னுதான். வாய மூடிக்கிட்டுத் தின்னு."

தின்றான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, என்ன சாப்பிடலாம் என்று சொல்லும் பெண் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். செருப்பை வாசலில் கழற்றினாள். நான் யாழினியிடம், உப்பே போடுவதில்லை என்று சொல்லச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துப் பாராட்டினாள். பிறகு அலமாரியைத் திறந்து பார்த்து, பாதாம் மாவுப் பையை எடுத்து மேசைமேல் தனியாக வைத்தாள்.

"இதுதான் கூடாதாம் அப்பத்தா. சுகருக்கு நல்லதாம், ஆனா அப்பாவோட கிட்னிக்கு இது ஆகாதாம். இதுல பொட்டாசியம் நெறைய இருக்காம். ஹார்ட்ட நிறுத்திடுமாம்."

முதலில் வெல்லம் போனது. பிறகு சோறு. பிறகு உப்பு. இப்போது பாதாம். அவனுக்குக் கொடுக்க என் கையில் இருந்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் போனபிறகு பையைக் கட்டி மேல்தட்டில் வைத்தேன். அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதற்கப்புறம் செல்வம் சாயங்காலம் வெறும் காப்பியைக் குடித்தான். அதுவும் பாதி டம்ளர், தண்ணீருக்கும் அளவு வைத்துவிட்டார்கள்.

மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பெரம்பலூரில்கூட இப்போது செய்கிறார்கள். எப்போது ஆரம்பிக்கிறார்கள் என்று மாலதியைக் கேட்டால், "பாக்கறாங்க அத்த" என்பாள். செல்வத்தைக் கேட்டால், "சொல்லுவாங்கம்மா" என்பான். நானும் சொல்லுவார்கள் என்று இருந்தேன்.

5

போன மாதம் ஒரு மத்தியானம். மாலதி வேலைக்குப் போயிருந்தாள். செல்வம் கொல்லைப்புறத்தில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் அவனுக்கு எப்போதும் குளிர்கிறது. அவன் போன் சமையலறையில் கிடந்து அடித்தது. யாழினி எடுத்தாள். அந்தச் சாப்பாடு சொல்லும் பெண்தான். அப்பாவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். இவள், நான்தான் எப்போதும் அப்பத்தாவுக்குச் சொல்வேன், என்னிடமே சொல்லுங்கள் என்றிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கும் இந்த வீட்டில் பிள்ளைக்குச் சொல்லவில்லை என்று தெரிந்திருக்காது.

போனை வைத்துவிட்டு யாழினி குதித்தாள்.

"அப்பத்தா, குட் நியூஸ். அப்பா இனிமே என்ன வேணும்னாலும் சாப்பிடலாமாம். அவருக்கு என்ன புடிக்குதோ அதக் குடுங்கன்னு சொன்னாங்க. ஆல்மண்ட் கூட ஓகேவாம். சுகர் கூட ஓகேவாம். எந்த ரூலும் இல்லையாம்."

சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறி மேல்தட்டில் இருந்து மாவுப் பையை எடுத்தாள். அவனைப் பற்றவைத்தாள். வெண்ணெயை வெளியே எடுத்து வைத்தாள்.

நான் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். நம் பக்கம் ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் ரொம்ப நாள் இல்லை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. "வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேட்டதைக் குடுங்க" என்பார். அவ்வளவுதான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பக்கத்துக் கட்டில்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் சொன்னார்கள். அவருக்கும் சர்க்கரைதான், கால் புண் மேலே ஏறிவிட்டது. நான் அவரிடம் போய், "என்ன வேணும்?" என்று கேட்டேன். கல்யாணமான நாளில் இருந்து அதுவரை நான் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை, இருப்பதைத்தான் வைப்பேன். அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஜிலேபி" என்றார். செல்வம் அப்போது அரியலூரில் ஆலையில் இருந்தான். சேதி சொன்னதும் பஸ் ஸ்டாண்டு கடையில் சூடாக வாங்கி, எண்ணெய் ஊறின காகிதத்தோடு பஸ் ஏறி வந்தான். அவர் பாதி தின்றார். மீதியைச் செல்வத்தின் வாயில் வைத்தார். அந்த வாரம் தாண்டவில்லை.

ஆக அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். செல்வத்துக்கும் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. அவள் ஒரு சொல் பிசகாமல்தான் தமிழில் சொன்னாள். சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

6

கொல்லைப்புறம் போனேன்.

"அந்தம்மா போன் பண்ணுச்சு" என்றேன்.

"எந்தம்மா?"

"சாப்பாடு சொல்ற அம்மா."

நிமிர்ந்து பார்த்தான். "என்ன சொன்னாங்க?"

"கேட்டதக் குடுக்கச் சொன்னாங்க."

அவன் மறைக்கப் பார்க்கவில்லை. வேட்டி நுனியைக் கையில் எடுத்து மடித்துக்கொண்டே இருந்தான்.

"போன யாரு எடுத்தா, பாப்பாவா?"

"ஆமா."

"அதுக்குப் புரிஞ்சிச்சா?"

"குதிச்சிக்கிட்டு மாவெடுக்குது."

கண்ணை மூடிக்கொண்டான். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"மெஷினு வேண்டாம்னுட்டியா?"

"போட்டாலும் இந்த ஹார்ட்டு தாங்காதும்மா. வாரத்துல மூணு நாள் அங்க கெடந்துட்டு, மிச்ச நாள் வூட்ல மயங்கிக் கெடக்கணும். தாங்கினா கொஞ்ச காலம் கூடும்னாங்க. தாங்கலன்னா அங்கயே போயிடும்னாங்க. நான் வூட்லயே இருந்துக்கறேன்னுட்டேன்."

"எப்ப சொன்ன?"

"ஆச்சு. மழைக்காலத்துல."

"பொண்டாட்டிக்குத் தெரியும். வெள்ளக்காரிக்குத் தெரியும். போன்ல பேசறானே, அந்த மேடைப் பேச்சுக்காரன், அவனுக்கும் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாது."

"ஒங்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"வாயால சொல்றது."

"வரல."

பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். அவன்தான் அடுத்துப் பேசினான். குரலில் ஒரு கிண்டல் இருந்தது, அவன் அப்பனுக்கும் அப்படித்தான், கஷ்டம் முற்றினால் கிண்டல் வரும்.

"அப்பாவுக்கு ஜிலேபி வாங்கியாந்தது நானு. எனக்கு யாரு வாங்கியாருவா? இங்க நல்ல ஜிலேபி கூட கெடைக்காது."

"ஒனக்கு ஜிலேபி கெடையாது."

"அவங்களே குடுக்கலாம்னுட்டாங்க."

"அவங்க சொல்லுவாங்க. நான் சொல்லலயே. நான் இருக்கற வூட்ல ஒனக்குச் சக்கரை கெடையாது. பாதாம் பிஸ்கட்டு ஒன்னு தரேன், ரெண்டு கேக்காத."

"அப்பயும் லோ கார்ப்தானா?" என்றான்.

"அப்பயும் அதான்."

என்னை அப்பாவி என்று நினைக்க வேண்டாம். சர்க்கரையை நிறுத்தி வைத்தால் சாவு நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் சர்க்கரையை எடுத்துப் போட்டேன் என்றால், சரி என்று நானும் சொன்னதாக ஆகிவிடும். டாக்டர் சொல்லட்டும், பொண்டாட்டி சொல்லட்டும், அவனே சொல்லட்டும். பெற்றவள் அந்தச் சரியைச் சொல்ல மாட்டேன்.

எழுந்து போக இருந்தபோது, "பாப்பாகிட்ட நீ சொல்லிடும்மா" என்றான். "மாலதி மூணு தடவ ஆரம்பிச்சா. அழுதுட்டு எந்திரிச்சி வந்துட்டா. என்னால அது மூஞ்சப் பாத்து முடியாது."

"ஏன், இந்த வேலையும் எனக்கா?"

"ஒனக்குத்தான் தைரியம்."

அன்றைக்குச் செய்த பிஸ்கட் ஒன்றை முழுவதும் தின்றான். யாழினி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

தைரியம் இருக்கிறது. வார்த்தை இல்லை.

மறுநாள் அவளுக்குத் தலை பின்னும்போது ஆரம்பித்தேன். "அப்பாவுக்கு இனிமே ஆகாதுடி" என்றேன்.

"என்ன ஆகாது? அதான் எல்லாம் ஆகும்னு சொல்லிட்டாங்களே அப்பத்தா. ஆல்மண்ட் ஆகும். பனானா கூட ஆகும்."

பின்னலை முடித்து விட்டுவிட்டேன். இன்னொரு நாள், அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அப்பா ரொம்ப நாள் இருக்க மாட்டாரு" என்றேன். "எங்க போறாரு?" என்றாள். "போகப் போறாரு" என்றேன். "இந்தியாவுக்கா? நானும் வரேன். ஸ்கூல் லீவுல போலாம்" என்றாள். தவறிடுவாரு என்று சொல்லிப் பார்க்கலாம் என்றால், தவறு என்றால் அவளுக்குத் தப்பு. அவள் அப்பன் என்ன தப்பு செய்தான்.

நம் ஊரில் இதற்கு எத்தனை மறைவுச் சொல் வைத்திருக்கிறோம். காலமாகிறது, சேர்கிறது, போய்ச் சேர்கிறது, இல்லாமல் போகிறது. ஒன்றுகூட இவளுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான், நேரான சொல். அதை என் மகன் பெயரோடு சேர்த்து என் வாய் சொல்லாது. இங்கிலீஷில் மாலதி சொல்லலாம், அவள் அழாமல் இருந்தால். அவள் விடுதியில் உயிர் போன கிழவர்களைக் கழுவி அனுப்புகிறவள், அவளாலேயே முடியவில்லை.

இதற்கிடையில் யாழினி தினமும் ஒரு தட்டு பிஸ்கட் செய்கிறாள். தேங்காய்த் துருவல் போட்டு ஒன்று, கோகோ போட்டு ஒன்று. ஆறும் வரை தொடாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பள்ளியில் சிநேகிதிகளிடம் அப்பாவுக்குச் சரியாகிக்கொண்டு வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு ஒரு சிநேகிதியின் அம்மா வாசலுக்கு வந்து பூங்கொத்து கொடுத்துவிட்டுப் போனாள். செல்வம் இப்போது பாதிதான் தின்கிறான். பிறகு கால்வாசி. நேற்று வாயில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டான். யாழினி, "போர் அடிச்சிடுச்சு போல, நாளைக்கு வேற ஃப்ளேவர் பண்றேன்" என்றாள்.

அதைக் கேட்டபிறகுதான் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். இளங்கோ கேட்டு மாதக்கணக்காகிறது. பாதாம், வெண்ணெய் வரை எழுதி நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது மிச்சத்தையும் எழுதிவிட்டேன். வாய்க்கு வராதது கைக்கு வருகிறது. கை மெதுவாகப் போகிறது, அதனால் இருக்கலாம்.

செல்வத்திடம் கேட்டுவிட்டேன், எழுதி ஊருக்கு அனுப்பவா என்று. "அனுப்பு. ஆனா என்ன ரொம்ப நல்லவனாக் காட்டாத, டோனட்டையும் எழுது" என்றான். எழுதியிருக்கிறேன். மாலதியிடமும் கேட்டேன். அவள் என் தோளில் தலையை வைத்தாள். அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை நாளாயிற்றோ.

8

யாழினி சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறவள். பேச்சுத் தமிழில் கோட்டை விட்டாலும், எழுத்துக் கூட்டி நன்றாகப் படிப்பாள். என் எழுத்தில் பிழை இருக்கும், எனக்குப் படித்துக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். வேறு எதுவும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றாள். மாலதி இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, அடுத்த அறையில் இருக்கிறாள். செல்வம் விழித்துத்தான் இருக்கிறான்.

வா யாழினி, இங்க உக்காரு. முதல் பக்கத்துலேர்ந்து படி. அப்பத்தா எழுதினது, கோணலா இருக்கும், நிறுத்தி நிறுத்திப் படிச்சாப் போதும். புரியலன்னா கேளு, சொல்றேன். புரிஞ்சிதுன்னா எதுவும் கேக்க வேண்டாம், தாள அப்படியே வச்சிட்டு அப்பாகிட்டப் போ.